வீட்டுக்காரரின் காசு எங்கே நிற்கிறது? வளரும் வாடகை நிறுவனங்களுக்கு ஒரு கிளவுட் கணக்கு வழிகாட்டி

நல்லூர்த் திருவிழாக் காலம். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, தேர் பார்த்த கையோடு எங்கள் கொக்குவில் அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, என்ர வீட்டுக் கணக்கில இப்ப எவ்வளவு காசு நிக்குது?" என்று கேட்டார். அவருடைய வீட்டை வாடகைக்கு விடுவது, வாடகையை வாங்குவது, திருத்த வேலை பார்ப்பது, மீதியை அனுப்புவது எல்லாம் எங்கள் பொறுப்பு. எங்களிடம் நல்ல செயலி இருந்தது. வீட்டின் படங்கள் அதில் பளிச்சென்று இருந்தன. ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. வங்கிக் கூற்று ஓரிடத்தில், எக்செல் கோப்பு இன்னோரிடத்தில், குழாய் திருத்தியவருக்குக் காசு கொடுத்த சிட்டை மேசை லாச்சிக்குள்.

அப்போது அங்கே கணக்குப் பார்த்தவன் நான். அந்த அம்மாவின் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லமுடிகிறதா என்பதை வைத்தே இன்றுவரை கணக்கு மென்பொருள்களை எடை போடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலுக்கு இடம் தாராளம். உரிமையாளர் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார், வீடு இங்கே இருக்கும். திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வருகிறவர்களுக்கு இரண்டு கிழமைக்கு வீடு வேண்டும். 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு சென்னையிலிருந்து நேரே வந்திறங்கவும் வழி பிறந்தது. இவர்களையெல்லாம் செயலி வழியாக இணைக்கும் நிறுவனங்களைத்தான் புரொப்டெக் என்கிறார்கள். செயலி எழுதக்கூடிய கெட்டிக்காரப் பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். பின்தங்குவது கணக்குப் பக்கம்தான். பத்துப் பதினைந்து வீடுவரை எக்செல் தாங்கும். நாற்பதைத் தாண்டும்போது யார் எந்தக் கலத்தை மாற்றினார்கள் என்பதே தெரியாமல் போகும். ஒரே கோப்பு "கடைசி", "கடைசி 2", "உண்மையான கடைசி" என்று மூன்று பெயரில் சுற்றத் தொடங்கினால் மாறவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: யாருடைய காசு என்று பிரிப்பது

மென்பொருளைத் திறக்குமுன் ஒரு தாளை எடுங்கள். கோண்டாவிலில் மூன்று அறை வீடு ஒன்று, மாத வாடகை 60,000 ரூபா என்று வையுங்கள். உங்கள் கொமிஷன் 10 சதவீதம். அந்த மாதம் தண்ணீர்த் தாங்கிக் குழாய் உடைந்து 4,500 ரூபா செலவாகிறது. வாடகைக்காரர் 60,000 ரூபாவை உங்கள் வங்கிக் கணக்கில் போடுகிறார். இதில் உங்கள் வருமானம் எவ்வளவு?

6,000 ரூபா மட்டும்தான். மீதி 54,000 ரூபா உங்கள் கணக்கில் நின்றாலும் உங்களுடையது இல்லை. அது வீட்டுக்காரருக்கு நீங்கள் கொடுக்கவேண்டிய கடன். சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையில் பொறுப்புப் பக்கத்தில், அதாவது கடன் பக்கத்தில், நிற்கவேண்டியது. குழாய்ச் செலவு 4,500 போக 49,500 ரூபாவை அவருக்கு அனுப்பியதும் அந்தப் பொறுப்புப் பூச்சியமாகிவிடும். இலங்கைக் கணக்கீட்டு நியமங்களில் வருமானத்தைப் பற்றிய எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 15 இதை முதல்வர், முகவர் என்று பிரிக்கிறது. தன் சொந்தப் பொறுப்பில் விற்பவர் முதல்வர். பிறருக்காக வாங்கிக் கொடுப்பவர் முகவர். முகவரின் வருமானம் கொமிஷன் மட்டுமே.

இதைப் பிழையாகப் பதிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உங்களிடம் இப்படி 100 வீடுகள் இருந்தால் மாதம் 6 மில்லியன் ரூபா, ஆண்டுக்கு 72 மில்லியன் ரூபா உங்கள் கைவழியே போகும். முழுவதையும் வருமானம் என்று பதிந்துவைத்தால், 2024 ஜனவரியில் ஆண்டுக்கு 80 மில்லியனிலிருந்து 60 மில்லியனாக இறக்கப்பட்ட வற் (பெறுமதி சேர் வரி) பதிவு எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று உங்கள் கணக்கே சாட்சி சொல்லும். அதே மாதம்தான் வற் வீதமும் 18 சதவீதமானது. உண்மையில் உங்கள் கொமிஷன் வருமானம் 7.2 மில்லியன் ரூபா. ஒரு பதிவுப் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அன்றைய எண்ணை உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முகவர் என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதிவையுங்கள். கணக்கு ஒன்று சொல்லி ஒப்பந்தம் வேறொன்று சொன்னால் வரி அதிகாரிக்கு விளக்கம் கொடுப்பது கஷ்டம்.

அப்புறம் வங்கிக்குப் போய் இரண்டாவது நடைமுறைக் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். வாடகை, முற்பணம் எல்லாம் வாடிக்கையாளர் கணக்குக்குள் வரட்டும். சம்பளம், அலுவலக வாடகை, கரண்ட் பில் எல்லாம் அலுவலகக் கணக்கிலிருந்து போகட்டும். மாதம் ஒருமுறை கொமிஷனைக் கூட்டி வாடிக்கையாளர் கணக்கிலிருந்து அலுவலகக் கணக்குக்கு மாற்றுங்கள். எந்த மென்பொருள் வாங்கினாலும் இந்தப் பிரிப்பை அது உங்களுக்காகச் செய்துதராது.

இன்னொன்று, நம்மூருக்கே உரியது. ஒரு வீட்டுக்கு ஓர் உரிமையாளர் என்று நினைத்துப் பட்டியல் போடாதீர்கள். தாய் தகப்பன் விட்டுப்போன வீடு மூன்று சகோதரங்களின் பெயரில் இருக்கும். ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில், ஒருவர் லண்டனில். மேலே சொன்ன 49,500 ரூபா ஆளுக்கு 16,500 ஆகப் பிரியவேண்டும், அல்லது ஒருவருக்கே முழுவதையும் அனுப்பச் சொல்லி மற்ற இருவரும் எழுத்தில் தந்திருக்கவேண்டும். இங்கே இருக்கும் சித்தப்பாவிடம், அவர்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரமான அற்றோர்ணித் தத்துவம் இருக்கலாம். உறுதியின் பிரதி, பங்கு விவரம், அற்றோர்ணித் தத்துவத்தின் பிரதி மூன்றையும் வாங்கி, மென்பொருளில் அந்த வீட்டின் பதிவோடேயே இணைத்துவிடுங்கள். குடும்பத்துக்குள் மனக்கசப்பு வரும் நாளில் எல்லாருக்கும் முதலில் தேவைப்படுவது இந்தத் தாள்கள்தான்.

மென்பொருள் தெரிவு

கிளவுட் என்றால் கணக்கு உங்கள் லப்டொப்பில் இல்லாமல் இணையத்தில் வேறொரு நிறுவனத்தின் கணினியில் இருக்கும். நீங்கள் மாதச் சந்தா கட்டுவீர்கள். கொழும்பிலிருக்கும் கணக்காய்வாளரும் கொக்குவிலிலிருக்கும் நீங்களும் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் பார்க்கலாம். கணினி பழுதானாலும் புத்தகம் போகாது.

தொடங்குகிறவர்களுக்கு குவிக்புக்ஸ் ஒன்லைன், நியூசிலாந்திலிருந்து வரும் ஸீரோ, சென்னையைச் சேர்ந்த ஸோஹோவின் ஸோஹோ புக்ஸ் மூன்றும் போதும். உங்களிடம் நிரலாளர்கள் இருந்தால் ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருள்களையும் பார்க்கலாம். இவற்றைச் சொந்தச் சேவையகத்தில் ஏற்றி நமக்கேற்ப மாற்றலாம். ஆனால் அந்தச் சேவையகத்தைப் பராமரிப்பதும் உங்கள் தலையில்தான், அதனால் கணக்குக்கென்று ஒரு நிரலாளரை ஒதுக்கமுடியாவிட்டால் நான் பரிந்துரைக்கமாட்டேன். பில்டியம், ஆப்ஃபோலியோ போன்றவை வாடகைத் தொழிலுக்கென்றே எழுதப்பட்டவை. பிறர் காசைத் தனியே வைத்திருக்கும் வசதி அவற்றில் அடிப்படையிலேயே இருக்கிறது. ஆனால் அமெரிக்க நடைமுறையை மனதில் வைத்துச் செய்தவை, நம்முடைய வரிக்கும் வங்கிக்கும் பொருந்திவராது. அவற்றின் விளக்கப் பக்கங்களை மட்டும் பாருங்கள். வீட்டுக்காரருக்கான கூற்று எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நல்ல மாதிரிகள் அங்கே கிடைக்கும்.

ஓரக்கிள் நெட்ஸ்வீட், சேஜ் இன்டாக்ட் எல்லாம் அடுத்த கட்டம். சென்னையிலோ ரொறன்ரோவிலோ இரண்டாவது நிறுவனம் பதிந்து, இரண்டையும் ஒன்றாக்கிக் கணக்குக் காட்டவேண்டி வரும் நாளில் அவற்றைப் பற்றி யோசிக்கலாம். இருபது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இப்போதே அதை வாங்குவது, இரண்டு பரப்புக் காணிக்கு உழவு இயந்திரம் வாங்குவது போல.

தெரிவு செய்யும்போது விற்பனையாளரின் காட்சி விளக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இலவச சோதனைக் காலத்தில் நீங்களே நான்கு விஷயங்களைச் செய்துபாருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் வீட்டின் பெயரை அடையாளமாக ஒட்டமுடிகிறதா என்பது ஒன்று. இதைக் குவிக்புக்ஸில் கிளாஸ், லொகேஷன் என்பார்கள். ஸீரோவில் டிராக்கிங் கேட்டகரி, அதிலும் ஒரே நேரத்தில் இரண்டுதான் பயன்படுத்தலாம். ஸோஹோவில் ரிப்போட்டிங் டேக். பெயர் எதுவானாலும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: அந்த அடையாளம் வருமானம், செலவு ஆகியவற்றுக்கு மட்டும் வேலை செய்கிறதா, பொறுப்புக் கணக்குக்கும் வேலை செய்கிறதா? நம் தொழிலின் பெரிய எண்கள் பொறுப்புப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே வீடுவாரியாக மீதி எடுக்கமுடியாத மென்பொருளில் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அப்படியானால் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் கடன்கொடுத்தோர் பட்டியலில் ஒரு பெயராகத் திறந்து, அவருடைய மீதியை அங்கே வைத்துக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அடுத்தது, உங்கள் வங்கியின் கூற்று நேரடியாக வந்து சேருமா என்பது. வெளிநாட்டில் இது சாதாரணம். இங்கே உங்கள் வங்கிக்கு அந்த இணைப்பு இல்லையென்றால், இணைய வங்கியிலிருந்து கூற்றைக் கோப்பாக இறக்கி மென்பொருளில் ஏற்றவேண்டும். அது பெரிய குறையில்லை, தினமும் ஐந்து நிமிட வேலை. ஆனால் கோப்பு ஒழுங்காக ஏறுகிறதா என்று உங்கள் சொந்த வங்கிக் கூற்றை வைத்தே சோதித்துப் பாருங்கள். திகதி வடிவம் மாறி, 3ஆம் மாதம் 4ஆம் திகதி, 4ஆம் மாதம் 3ஆம் திகதியாகி நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

மற்றது, உங்கள் செயலியோடு இணையும் வழி. கடைசியாக, வெளியேறும் வழி: எல்லாக் கணக்குகளின் பதிவுகளும் அடங்கிய முழுப் பேரேட்டையும் ஒரே கோப்பாக இறக்கமுடிகிறதா? இறக்கமுடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

விலையையும் சொல்லவேண்டும். இவற்றின் சந்தா பெரும்பாலும் டொலரில். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டியது. மாதம் 50 டொலர் சந்தா கட்டியவருக்குப் பத்தாயிரம் ரூபாவாக இருந்த செலவு பதினெட்டாயிரத்துக்குப் போனது. வரவுசெலவுத் திட்டத்தில் இந்த வரிக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கிவையுங்கள்.

கணக்குப் பட்டியல்

நான் செய்த பெரிய பிழை இங்கேதான். வீட்டுக்கு ஒரு வாடகைக் கணக்கு, ஒரு திருத்தக் கணக்கு, ஒரு முற்பணக் கணக்கு என்று தனித்தனியே திறந்துகொண்டு போனேன். ஐம்பது வீட்டுக்கு 150 கணக்கு. எல்லாக் கணக்கின் மீதிகளையும் வரிசையாகக் காட்டும் பரீட்சை மீதியை அச்சடித்தால் தோரணம் மாதிரி நீளும், ஆனால் மொத்தம் எதுவும் தெரியாது. கணக்கு என்ன வகைக் காசு என்பதைச் சொல்லட்டும். எந்த வீடு, யாருடைய வீடு என்பதை அடையாளம் சொல்லட்டும். "வீட்டுக்காரருக்குக் கொடுக்கவேண்டியது" என்று ஒரு கணக்கு, "வாடகைக்காரரின் முற்பணம்" என்று ஒரு கணக்கு, கொமிஷனுக்கு ஒன்று, அறிமுகக் கட்டணத்துக்கு ஒன்று. இப்படி முப்பது நாற்பது கணக்கோடு நிறுத்திவிடலாம்.

தமிழ் இடைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. நாம் பள்ளிக்கூடத்தில் டெபிட்டை வரவு என்றும் கிரெடிட்டைச் செலவு என்றும் படித்தோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் டெபிட் பற்று, கிரெடிட் வரவு. அங்கே எழுதப்பட்ட தமிழில் "வரவு" என்று பார்த்ததும் கை பழக்கத்தில் போனால் பதிவு தலைகீழாகிவிடும். உயர்தரத்தில் வணிகம் படித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்தால் முதல் நாளே இதைக் காட்டிக்கொடுங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறிய குறியீடும் கொடுங்கள். கொக்குவிலில் ஏழாவது வீடு என்றால் கேகேவி 07. வாடகைக்காரர் இணைய வங்கியில் காசு போடும்போதும், லங்கா கியூஆரில் கட்டும்போதும் குறிப்பில் அதை எழுதச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பாதிப்பேர் எழுதமாட்டார்கள். "வாடகை" என்று மட்டும் எழுதி 35,000 ரூபா வந்து நிற்கும், அதே தொகைக்கு ஐந்து அறை இருக்கும். அந்தக் காசை ஊகித்து ஒருவர் பெயரில் போடாதீர்கள். "அடையாளம் தெரியாத வரவுகள்" என்று ஒரு கணக்கில் வைத்துவிட்டு அன்றைக்கே விசாரியுங்கள். மாத முடிவில் அந்தக் கணக்கு பூச்சியமாக இருக்கவேண்டும்.

செயலியையும் பேரேட்டையும் இணைப்பது

உங்கள் செயலியில் ஒருவர் வாடகை கட்டியதும் அது தானாகவே பேரேட்டில் ஏறவேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படுவார்கள். செய்யலாம். ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, இரட்டைப் பதிவு. இணையம் விட்டுவிட்டு வரும்போது செயலி ஒரே கொடுப்பனவை இரண்டு தரம் அனுப்பிவிடும். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் மாறாத ஓர் இலக்கம் கொடுத்து, அந்த இலக்கம் ஏற்கெனவே பேரேட்டில் இருந்தால் மறுபடி ஏற்றாதபடி நிரலாளரிடம் எழுதச் சொல்லுங்கள்.

மற்றது, அட்டையில் கட்டும் காசு. இதைக் கிட்டவிருந்து பார்ப்போம். இரண்டு வாடகைக்காரர்கள் 60,000, 35,000 என்று அட்டையில் கட்டுகிறார்கள். கொடுப்பனவு நிறுவனத்தின் கட்டணம் உதாரணத்துக்கு 3 சதவீதம் என்று வையுங்கள். இரண்டு நாள் கழித்து வங்கிக்கு வருவது 95,000 அல்ல, 92,150 ரூபா. அவசரத்தில் 92,150ஐ வாடகை என்று பதிந்தால், முதலாமவர் 1,800 ரூபாவும் இரண்டாமவர் 1,050 ரூபாவும் பாக்கி என்று மென்பொருள் காட்டும். முழுவாடகை கட்டிய மனிதருக்கு நினைவூட்டல் செய்தி போகும். அப்படி ஒரு செய்தி கிடைத்த ஆசிரியர் ஒருவர் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வெயிலில் சைக்கிளில் வந்து எங்கள் முன் நின்றதை நான் மறக்கவில்லை. சரியான முறை, 95,000ஐ முழுமையாக வாடகைக்காரர்கள் கட்டிய வாடகையாகப் பதிந்து, 2,850ஐக் கட்டணச் செலவாகத் தனியே பதிவது. அந்தக் கட்டணம் உங்களுடையது என்று ஒப்பந்தம் சொன்னால், அலுவலகக் கணக்கிலிருந்து 2,850 ரூபாவை வாடிக்கையாளர் கணக்குக்கு நீங்கள் போட்டாகவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கணக்கில் எப்போதும் அந்தளவு குறைந்தே நிற்கும். மாதங்கள் போகப்போகக் குறை வளரும்.

மூன்று எண்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யச் சொல்வேன். மாத முடிவில் மூன்று எண்களை அருகருகே வையுங்கள். வாடிக்கையாளர் கணக்குக்கான வங்கிக் கூற்றின் மீதி, வங்கிக்குப் போய்ச் சேராதவற்றைச் சரிசெய்த பிறகு. பேரேட்டில் அதே வங்கிக் கணக்கின் மீதி. ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் கொடுக்கவேண்டியதையும், ஒவ்வொரு வாடகைக்காரரின் முற்பணத்தையும் தனித்தனியே கூட்டிய மொத்தம். மூன்றும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும். எடுக்காமல் விட்ட கொமிஷன் இருந்தால் அதையும் மூன்றாவதில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டையும் ஒப்பிடுவது நாம் படித்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத்தான். மூன்றாவதுதான் நம் தொழிலின் உயிர்.

மூன்றும் ஒத்துவந்ததும் எழும்பிப் போய்விடாதீர்கள். வீட்டுக்காரர் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். யாருடைய மீதியாவது கழித்தல் குறியோடு நிற்கிறதா? எங்களிடம் ஒரு மாதம் அப்படி நின்றது. மானிப்பாயில் ஒரு வீட்டுக் கூரையை மழைக்கு முன் திருத்த 85,000 ரூபா செலவழித்திருந்தோம். அந்த வீட்டின் வாடகை 40,000. கொமிஷன் போக மீதி 36,000. ஆக 49,000 ரூபா குறைவு. வங்கியில் காசு இருந்ததால் காசு போனது யாருக்கும் தெரியவில்லை, மொத்தங்களும் அழகாக ஒத்து நின்றன. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்த 49,000 ரூபா வானத்திலிருந்து வரவில்லை. மற்ற வீட்டுக்காரர்களின் காசை எடுத்து, அவர்களைக் கேட்காமல், இவருடைய கூரையைத் திருத்தியிருக்கிறோம். அன்றைக்கே அலுவலகக் கணக்கிலிருந்து 49,000ஐ வாடிக்கையாளர் கணக்குக்கு மாற்றி, அதை அந்த உரிமையாளருக்கு நாங்கள் கொடுத்த கடனாகப் பதிந்தோம். அதிலிருந்து ஒரு விதி வைத்தோம். மீதி போதாத வீட்டுக்குச் செலவு அங்கீகாரம் கிடைக்காது; உரிமையாளர் முதலில் காசு அனுப்பவேண்டும், அல்லது நிறுவனம் தன் சொந்தக் காசிலிருந்து கொடுக்க இயக்குநர் கையெழுத்துப் போடவேண்டும். உங்கள் மென்பொருளில் இந்தத் தடையை வைக்கமுடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் தினமும் காலையில் கழித்தல் மீதிப் பட்டியல் மின்னஞ்சலில் வரும்படி செய்யுங்கள்.

வெளிநாட்டுக் காசும் முன்கூட்டி வந்த காசும்

வீட்டுக்காரரின் மீதியை ரூபாவிலேயே வையுங்கள். வாடகை ரூபாவில் வருகிறது, செலவும் ரூபாவில். வெளிநாட்டுக்கு அனுப்ப வங்கி அனுமதிக்கும் ஒழுங்கில் அனுப்பும் நாளின் மாற்றுவீதத்தில் அனுப்புங்கள். வீத வித்தியாசமும் வங்கிக் கட்டணமும் யாருடையவை என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். உங்கள் சேவைக் கட்டணத்தைக் கனடிய டொலரில் வாங்கினால் மட்டும் பல்நாணய வசதியைத் திறவுங்கள். சில மென்பொருள்களில் அதை ஒருமுறை திறந்தால் மூடமுடியாது, ஆகையால் தேவைப்படும்வரை தொடாதீர்கள்.

ஆண்டுச் சந்தாவில் இன்னொரு நுணுக்கம். ஓர் உரிமையாளர் ஓகஸ்ட் முதலாம் திகதி ஆண்டுக் கட்டணமாக 24,000 ரூபா தருகிறார். மார்ச் 31இல் நிதியாண்டு முடியும்போது எட்டு மாதச் சேவைதான் கொடுத்திருப்பீர்கள். 16,000 ரூபா வருமானம், 8,000 ரூபா முற்கூட்டிப் பெற்ற வருமானமாகப் பொறுப்பில் நிற்கும். மாதம் 2,000 ரூபாவாகத் தானே நகரும்படி மென்பொருளில் ஒழுங்கு வைக்கலாம். முதலீட்டாளர் யாராவது உங்கள் கணக்கைக் கேட்டுவந்தால் முதலில் தோண்டுவது இந்த இடத்தைத்தான்.

மாறும் நாள்

ஏப்ரல் 1இல் மாறுங்கள். வரியாண்டும் அன்றைக்கே தொடங்குகிறது. நாங்கள் பொறுமையில்லாமல் நவம்பர் நடுவில் மாறினோம். ஒரே மாதம் பாதி எக்செல்லிலும் பாதி மென்பொருளிலும் கிடந்தது. அந்த மாதக் கணக்கிணக்கத்தை மூன்று தரம் செய்தேன்.

பழைய ஐந்து வருடத்தையும் ஏற்ற முனையாதீர்கள். மார்ச் 31இன் பரீட்சை மீதியும், வீடுவாரியான மீதிப் பட்டியலும், முற்பணப் பட்டியலும் போதும். பழைய எக்செல்லைப் பூட்டி ஓரிடத்தில் பத்திரமாக வையுங்கள். ஏற்றுமுன் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் "உங்கள் கணக்கில் நிற்கும் தொகை இது, சரிதானா?" என்று எழுதிக் கேளுங்கள். சிலர் இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கும். பழைய பிழைகளைச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அப்புறம் இரண்டு மாதம் பழையதையும் புதியதையும் சேர்த்தே நடத்துங்கள்.

வருடாந்த நினைவூட்டல்களையும் அப்போதே போட்டுவிடலாம். உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலைவரியை ஜனவரி 31க்குள் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு. ஐம்பது வீட்டுக்கு அதைத் தவறவிடுவது வீட்டுக்காரர்களின் காசை வீணாக்குவது. உங்கள் ஊழியர்களின் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 சதவீதம், அவர்கள் 8 சதவீதம், நம்பிக்கை நிதியத்துக்கு நீங்கள் 3 சதவீதம் என்பதும் மாதாந்தப் பதிவாக ஓடட்டும்.

யாருக்கு எந்தச் சாவி

கணக்கு மென்பொருளில் எல்லாரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைவது நம் அலுவலகங்களில் சர்வசாதாரணம். அதை முதல் நாளே நிறுத்துங்கள். ஆளுக்கொரு பெயர், இரண்டடுக்குச் சரிபார்ப்பு. வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பதிபவர் வேறு, கொடுப்பனவை அங்கீகரிப்பவர் வேறு. ஒருமுறை ஒரு வீட்டுக்காரரின் பெயரில், வங்கிக் கணக்கை மாற்றிவிட்டதாகவும் இம்மாத வாடகையைப் புதிய கணக்குக்கு அனுப்பும்படியும் மின்னஞ்சல் வந்தது. எழுத்தும் மரியாதையும் அவரைப் போலவே இருந்தன. எங்கள் பிள்ளை ஒருத்தி, ஒப்பந்தத்தில் இருந்த பழைய இலக்கத்துக்கு வாட்ஸ்அப்பில் அழைத்துக் கேட்டாள். "நான் ஒண்டும் எழுதேல்லையே பிள்ளை" என்றார் அவர். வங்கி விவரம் மாறினால் பழைய இலக்கத்துக்கு அழைக்காமல் காசு போகக்கூடாது என்பதை அன்றே சுவரில் எழுதி ஒட்டினோம்.

வீட்டுக்காரரின் கடவுச்சீட்டுப் பிரதி, வாடகைக்காரரின் அடையாள அட்டை எல்லாம் உங்களிடம் சேர்ந்துகொண்டே வரும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைப் பற்றியதுதான். தேவையில்லாததை வாங்காதீர்கள். வாங்கியதை எல்லாரும் பார்க்கும்படி விடாதீர்கள். மாதம் ஒருமுறை முழுப் பேரேட்டையும் இறக்கி வேறோர் இடத்தில் சேமித்துவையுங்கள்.

இந்தக் கிழமை தொடங்க நினைத்தால், மென்பொருள் ஒன்றின் சோதனைக் காலத்தைத் திறந்து ஒரேயொரு வீட்டை மட்டும் எடுங்கள். கூட்டு உரிமையாளர்கள் இருக்கும், திருத்த வேலை நடந்த, வாடகைக்காரர் ஒருமுறையாவது பிந்திக் கட்டிய வீடாகப் பார்த்து எடுங்கள். கடந்த மூன்று மாதத்தை அதில் பதியுங்கள். பிறகு வீட்டுக்காரரின் கூற்றை எடுத்து, அவருக்கு நீங்கள் உண்மையில் அனுப்பிய காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ரூபா இடித்தாலும் அது எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு இரண்டாவது வீட்டுக்குப் போங்கள்.